நான்காவது தூண்

தோட்டத்துக்குக் கசீபோ வாங்குகிறவர்கள் முதலில் மரத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள், பிறகு விலை கேட்கிறார்கள். சட்டமோ முதலில் அண்ணாந்து கூரையைப் பார்க்கிறது. 2021-இல் என்னிடம் வந்த ஒரு வழக்கு இந்த இடத்தில்தான் சிக்கி நின்றது.

கட்சிக்காரர் சிங்கப்பூர் பஃபலோ ரோட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா. விடியும் முன்பே முருங்கைக்காயும் வாழைத்தாரும் இறக்கிக் கடை திறக்கிறவர். என் அலுவலகம் லிட்டில் இந்தியாவிலேயே ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. கூட்டம் குறைந்த மத்தியான நேரத்தில், கடையை மகனிடம் விட்டுவிட்டு ஏறி வந்தார். கையில் அவர் குடியிருக்கும் கொண்டோவின் நிர்வாக முகவர் அனுப்பிய கடிதம். தோட்டத்தில் அனுமதியின்றி எழுப்பிய கட்டுமானத்தை 14 நாட்களுக்குள் அகற்ற வேண்டும், தவறினால் நீதிமன்றம் செல்வோம் என்று இருந்தது.

“சார், சோபா வாங்கிப் போட்டா யாராச்சும் லெட்டர் போடுவாங்களா? இதுவும் சோபா மாதிரிதான், பெர்மிட் ஒண்ணும் வேணாம்னு விக்கிறவரு சொன்னாரு.”

விற்றவர் கொடுத்த ரசீதிலும் ‘தோட்டத் தளவாடம்’ என்றுதான் எழுதியிருந்தது. படங்களைப் பார்த்தேன். பத்தடிக்குப் பத்தடி. நான்கு கனமான தூண்கள், ஒவ்வொன்றின் அடியிலும் சிமெண்டுப் பீடம், அதில் போல்ட் போட்டு முடுக்கிய இரும்புக் காலணி. மேலே மரப்பலகைகள் வேய்ந்த நாற்சரிவுக் கூரை. அதைத் தளவாடம் என்று சொல்ல எந்த வழக்கறிஞருக்கும் வாய் வராது.

எதற்காக வாங்கினார் என்று கேட்டேன். அதைக் கேட்காமல் நான் எந்தச் சொத்து வழக்கையும் எடுப்பதில்லை. அப்பாவுக்காக என்றார்.

அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சிறுவயதில் வந்தவர். 1960-களில் பூமலையில் தோட்டக்காரராகச் சேர்ந்தவர். தாவரவியல் பூங்காவை நம் பெரியவர்கள் பூமலை என்றுதானே சொல்வார்கள். 1963-இல் லீ குவான் இயூ ஃபேரர் சர்க்கஸில் ஒரு மரக்கன்றை நட்டு மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். 1967-இல் தோட்ட நகரம் என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. இந்த ஊருக்கு நிழல் கொடுக்கும் தூங்குமூஞ்சி மரங்களையும் அங்சானா மரங்களையும் வெயிலில் நின்று நட்டவர்களில் தமிழர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர் இவர். ஸ்வான் ஏரிக்கரையில் இன்றும் மணமக்கள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் வார்ப்பிரும்பு மண்டபம் 1850-களில் செய்தது. வேறோர் இடத்தில் ஒரு மாளிகைத் தோட்டத்தில் நின்றிருந்ததை 1969-இல் பூமலைக்குக் கொண்டுவந்தார்கள். அதைச் சுற்றிப் புல் பதித்ததைப் பெரியவர் நேற்று நடந்ததுபோல் சொல்வார்.

2019-இல் அவருக்குப் பக்கவாதம். வலது கால் சரியாக வரவில்லை. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சர்க்கியூட் பிரேக்கர் என்று ஊரே வீட்டுக்குள் அடைந்தபோது, அவர் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பேச்சையே குறைத்துக்கொண்டார். வீடு தரைத்தளத்தில். பின்புறம் வேலியிட்ட சிறு தோட்டம். ஆனால் வெட்டவெளியில் உட்காரவைக்க முடியாது. வெயில் ஒரு பக்கம். மேல்மாடிகளிலிருந்து விழும் துணிக் கவ்விகளும் சிகரெட் துண்டுகளும் இன்னொரு பக்கம். மழையோ கேட்கவே வேண்டாம். ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் ஊர் இது, ஏறக்குறைய இரண்டு நாளைக்கு ஒரு நாள் மழை. அந்த ஆண்டு இறுதியில் மகள் கசீபோ வாங்கிப் போட்டார். மறுநாளிலிருந்து அப்பா காலைப் பசியாறல் முதல் அந்திவரை அங்கேதான்.

மரத்தைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. மகளுக்குப் பாலிப் பாணியில் அலாங்-அலாங் புல் வேய்ந்த கசீபோதான் பிடித்திருந்தது. பார்க்க அழகு. ஆனால் நம் ஈரத்தில் சில ஆண்டுகளிலேயே புல் மக்கும், பூச்சி குடியேறும், தீப்பொறி பட்டால் அவ்வளவுதான் என்று பெரியவர் வேண்டாம் என்றாராம். அலுமினியம் துருப்பிடிக்காது, கரையான் தொடாது. ஆனால் விலை மலிவான சட்டங்கள் எடை குறைந்தவை, சுமாத்ரா காற்றுக்கு நிற்காது. தேக்குக்குப் பணம் போதவில்லை. கடைசியில் செங்கால் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் மரத்தைத் தேர்ந்தார். மலேசியத் தீபகற்பக் காடுகளில் வளர்வது. ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கு மேல் எடை. கரையானையும் ஈரத்தையும் தாங்குவதில் இந்த வட்டாரத்தின் முதல்தர மரங்களில் ஒன்று. மரத்தைப் பொறுத்தவரை அதைவிட நல்ல தேர்வு இருக்க முடியாது. சட்டத்தை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். கொண்டோவில் குடியிருக்கும் நம்மவர்கள் பலர் இதை அறியாமலே பணம் கட்டிவிடுகிறார்கள். ஆகவே சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

2005 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கட்டடப் பராமரிப்பு மற்றும் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் 37-ஆம் பிரிவில் இரண்டு வாசல்கள் உண்டு. உங்கள் வீட்டில் நீங்கள் செய்யும் மேம்பாடு மொத்தத் தளப்பரப்பைக் கூட்டுமானால், அல்லது கூட்டக்கூடுமானால், அது முதல் வாசல். பொதுக்கூட்டத்தில் பதிவாகும் செல்லுபடியான வாக்குகளில், பங்கு மதிப்பின்படி, 90 விழுக்காட்டின் ஆதரவு வேண்டும். கூட்டத்துக்கு வந்தவர்களில் சிலர் முகம் சுளித்தாலே தீர்மானம் விழுந்துவிடும். தளப்பரப்பைக் கூட்டாமல் கட்டடத்தின் தோற்றத்தை மட்டும் பாதிக்குமானால் இரண்டாம் வாசல். தோற்றம் கெடாது அல்லது மற்றவற்றோடு ஒத்துப்போகும், கட்டடத்தின் உறுதிக்கும் பாதகமில்லை என்று, வீட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்த நிர்வாகக் கழகத்துக்குத் திருப்தி ஏற்பட்டால் அதுவே அனுமதி தரலாம். 90 விழுக்காடு தேவையில்லை.

வேறுபாடு வாக்கு எண்ணிக்கையோடு முடிவதில்லை. இரண்டாம் வாசலில் நிர்வாகக் கழகம் நியாயமின்றி மறுத்தால், 111-ஆம் பிரிவின் கீழ் ஸ்ட்ராட்டா உரிமை வாரியத்திடம் முறையிடலாம். வாரியம் அனுமதிக்கும்படி உத்தரவிட முடியும். முதல் வாசலில் விழுந்த தீர்மானத்தை அந்தப் பிரிவால் தூக்கி நிறுத்த முடியாது. அதனால்தான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் கடிதத்திலேயே தளப்பரப்பு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். நல்ல வழக்கறிஞர். நான் அவர் இடத்தில் இருந்தால் அதையேதான் செய்திருப்பேன்.

மூடிய நிலையான கூரை ஒன்று வந்துவிட்டால் அதற்குக் கீழே உள்ள பரப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்ற வாதம் வலுவானது. நான் நியமித்த கட்டடக் கலைஞரும் அளந்து பார்த்துவிட்டு அதையே சொன்னார். கூரை திறந்த சட்டங்களாக இருந்தால், கொடிப்பந்தல்போல வானம் தெரியுமாறு இருந்தால், அந்த வாதம் வலுவிழக்கும். தனித்து நிற்கும் கசீபோ கட்டடத்தின் தோற்றத்தையே பாதிக்காது, ஆகவே இரண்டாம் வாசலும் வேண்டாம் என்றும் ஒரு வாதம் கைவசம் இருந்தது. முழு வீட்டுச் சுவரையும் பின்புலமாகக் கொண்டு நிற்கும் ஒன்றுக்காக அதை முன்வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

இதைவிட அவசரமான ஒன்று இருந்தது. அந்த அம்மா நிர்வாகக் கழகத்திடம் அனுமதியே கேட்டிருக்கவில்லை. கேட்காத அனுமதியை நியாயமின்றி மறுத்தார்கள் என்று எந்த வாரியத்தின் முன்னும் நிற்க முடியாது. 88-ஆம் பிரிவின்கீழ் அவர்கள் நீதிமன்றம் போய் அகற்றும் உத்தரவு வாங்கினால் செலவுத்தொகை கசீபோவின் விலையைத் தாண்டும். ஆகவே முதல் வேலையாக, கட்டிய பிறகென்றாலும் பரவாயில்லை என்று, வரைபடத்தோடு முறையாக விண்ணப்பம் போடவைத்தேன். கழகத்தின் சார்பில் அதன் நிர்வாக மன்றம் மறுத்தது. மறுப்புக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் வழக்குக்குக் கால் முளைத்தது.

கால் என்றதும் நினைவுக்கு வருகிறது அந்த நான்காவது தூண். ஸ்ட்ராட்டா வரைபடத்தை வரவழைத்து, நில அளவையாளரைக் கொண்டு எல்லையைக் குறித்தபோது மூன்று தூண்கள் வீட்டுப் பகுதிக்குள் இருந்தன. வடிகாலை ஒட்டிய நான்காவது ஓரடி வெளியே, பொதுச் சொத்தில் நின்றது. வேலி அங்கே இருந்ததால் எல்லையும் அங்கே என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். வேலியை எல்லையாக நம்பாதீர்கள். தரைத்தளத் தோட்டம் முழுவதுமே உங்கள் பத்திரத்தில் சேர்ந்ததா, அல்லது பொதுச் சொத்தை நீங்கள் மட்டும் பயன்படுத்திக்கொள்ள விடப்பட்டதா என்பதை வரைபடம் சொல்லும். பொதுச் சொத்தென்றால் அதற்குத் தனித் தீர்மானம் வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு மேல் என்றால் அதற்கும் 90 விழுக்காடுதான்.

அந்த ஓரடியைப் பார்த்தவுடன் வாதாடி வெல்லும் எண்ணத்தை நான் கைவிட்டேன். பேசித்தான் முடிக்க வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன். கூரையைத் திறந்த சட்டமாக மாற்ற வேண்டும், ஒரு தூணை உள்ளே நகர்த்த வேண்டும். அவர் முகம் மாறிவிட்டது. “கூரையைப் பிரிச்சிட்டா மழையில அப்பாவை எங்க சார் உக்கார வைப்பேன்? அதுக்குத்தானே வாங்கினேன்.” சட்டப்படி என்னிடம் பதில் இருந்தது, அந்தக் கேள்விக்கு இல்லை. வழக்கின் எஞ்சிய பகுதி முழுவதும் அந்தக் கேள்விக்கான விடையைத் தேடியதுதான்.

எதிர்த்தரப்பின் மறுப்புக் கடிதத்தில் தளப்பரப்போடு இன்னும் இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று கொசு, மற்றொன்று காற்று. கூரையில் தண்ணீர் தேங்கி டெங்கி பரவும் என்றும், சுமாத்ரா காற்றில் கூரை பிய்ந்து பறந்து யார் மீதாவது விழும் என்றும் மன்ற உறுப்பினர் ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார். அவர் நேர் மேல்மாடியில் குடியிருக்கும் வயதான சீனப் பெண்மணி. இதை வீண் புகார் என்று தள்ள எனக்கு மனமில்லை. 2020-இல் சிங்கப்பூரில் டெங்கி கண்டவர்கள் 35,000-க்கும் மேல், அதுவரை காணாத எண்ணிக்கை. அவர்களில் ஒருவர் அந்தப் பெண்மணியின் கணவர். காற்றும் கற்பனையில்லை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணையைக் கடந்து விடியற்காலையில் வந்து அறையும் அந்தப் புயல்வரிசையை இந்த ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 1984 ஏப்ரல் 25-இல் தெங்காவில் மணிக்கு 144.4 கிலோமீட்டர் வேகக் காற்றுப் பதிவாகியிருக்கிறது. வேகம் இரட்டித்தால் கூரையைத் தூக்கும் விசை நான்கு மடங்காகும்.

இந்த இரண்டுக்கும் நிபுணர் அறிக்கை தேடிக்கொண்டிருந்தபோது, அந்த அம்மா தயங்கித் தயங்கி ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்தார். அப்பா எழுதுவது, உபயோகப்படுமா பாருங்கள் என்றார்.

பிரித்துப் பார்த்தேன். கசீபோ வந்த நாளிலிருந்து, இடது கையால் கோணலாக எழுதிய தமிழில், பராமரிப்புக் குறிப்பு. பூமலையில் வேலை பார்த்த காலத்துப் பழக்கம். மேலதிகாரிக்குக் கணக்குக் காட்ட எழுதியது கைவிட்டுப் போகவில்லை. நான் பார்த்த எந்தப் பராமரிப்பு ஒப்பந்தத்திலும் அவ்வளவு விவரம் இருந்ததில்லை. ஓர் ஆவணமாக இன்றும் அதை நான் மதிக்கிறேன்.

கூரை ஓரத்தில் தண்ணீர்த் தாரை வைக்கவே கூடாது என்று விற்றவரிடம் அவர் பிடிவாதமாகச் சொல்லியிருக்கிறார். தாரை இருந்தால் இலை அடைக்கும், இலை அடைத்தால் தண்ணீர் நிற்கும். அதற்குப் பதில் கூரை சொட்டும் கோட்டில் ஒரு சாண் அகலத்துக்குச் சரளைக்கல் போடவைத்தார். தண்ணீர் நேராக மண்ணுக்குள் இறங்கிவிடும், தூணின் அடியில் சேறும் தெறிக்காது. வாரம் இரு முறை பணிப்பெண்ணை நீளத் துடைப்பத்தால் கூரை இலைகளைத் தள்ளச் சொல்லி, அதைத் தேதியோடு குறித்திருக்கிறார். ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும் என்பதால்தான் வாரம் இரு முறை. பூந்தொட்டித் தட்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டன. காய்ந்த தட்டில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஆகவே கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும் என்று ஒரு வரி. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரி வந்து பார்த்து ஒன்றுமில்லை என்று போன தேதியும் இருந்தது.

தூண்கள் மண்ணைத் தொடாமல் இரும்புக் காலணியில் நான்கு விரற்கடை உயர்ந்து நின்றது கரையானுக்காக. நிலத்தடிக் கரையான் வெளிச்சத்தில் நடக்காது, மண்குழாய் கட்டிக்கொண்டுதான் ஏறும். அந்த இடைவெளி இருந்தால் குழாய் கண்ணுக்குத் தெரிந்துவிடும். எவ்வளவு வைரமான மரமானாலும் பார்க்காமல் விட்டால் கரையானுக்கு வழி கிடைக்கும் என்று எழுதியிருந்தார். மாதம் ஒரு முறை டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். போல்ட்டுகள் 316 ரக எவர்சில்வர். இந்த ஊரின் கடற்காற்று உப்புக்குச் சாதாரண ரகம் கறை கட்டும். மார்ச் கடைசியில், சுமாத்ரா காற்று தொடங்கும் முன், ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பானரால் முடுக்கிப் பார்த்த குறிப்பு இருந்தது. பிப்ரவரியில், மழை ஓய்ந்து மரம் நன்றாகக் காய்ந்த வாரத்தில், எண்ணெய் பூச்சு, அடுத்தது ஆகஸ்டில். ஈர மரத்தில் எண்ணெய் பூசினால் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். வார்னிஷ் ஒருபோதும் கூடாது, அது மேலே தோல்போலக் கட்டிக்கொண்டு பிறகு உரியும் என்று அடிக்கோடிட்டிருந்தார்.

வாரியத்திடம் போட்ட முறையீட்டோடு சேர்த்து, சத்தியம் செய்த மொழிபெயர்ப்போடு அந்த நோட்டை முழுவதுமாகத் தாக்கல் செய்தேன்.

வாரியத்தில் விசாரணைக்கு முன் சமரசப் பேச்சு உண்டு. முதல் அமர்வில் இரு தரப்பும் தளப்பரப்பிலேயே நின்றோம், ஒன்றும் நகரவில்லை. இடத்தை நேரில் பார்ப்போம் என்று இரு தரப்பு வழக்கறிஞர்களும் ஒத்துக்கொண்டதுதான் திருப்பம். 2022 தொடக்கத்தில், முகக்கவசம் அணிந்துகொண்டு, அந்தத் தோட்டத்தில் கூடினோம். மேல்மாடிப் பெண்மணியும் இறங்கி வந்தார். அவருக்கு ஆங்கிலம் சரளமில்லை, பெரியவருக்கும் இல்லை. ஆனால் இருவரும் ஐம்பது, அறுபதுகளின் சிங்கப்பூரில் வளர்ந்தவர்கள். பெரியவர் கைத்தடியை ஊன்றி எழுந்து, “நியோனியா, ஆயர் தாடா, நியாமுக் தாடா” என்று ஆரம்பித்தார். தண்ணீர் இல்லை, கொசு இல்லை. அவ்வளவுதான். சந்தை மலாயில் இருவரும் பேசத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பெண்மணி சரளைக்கல்லைக் காலால் கிளறிப் பார்த்தார். போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். கணவர் மருத்துவமனையில் கிடந்த நாட்களைச் சொன்னார். பெரியவர் தம் பக்கவாதத்தைச் சொன்னார். வழக்கறிஞர்கள் இருவரும் சற்றுத் தள்ளி நின்றுகொண்டோம். அங்கே எங்களுக்கு வேலை இருக்கவில்லை.

போகும்போது பெரியவர் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, அந்தம்மா பயப்படறதுல தப்பில்ல. நான் கூரையை விட்டுக்கொடுக்கறேன். ஆனா மழைக்கு ஏதாச்சும் ஒரு வழி பண்ணுங்க” என்றார்.

வழி கிடைத்தது. கூரைப் பலகைகளைப் பிரித்துவிட்டு, இடைவெளி விட்ட மரச்சட்டங்கள். அவற்றுக்குக் கீழே, மழை வரும்போது இழுத்து விரித்து, விட்டதும் சுருட்டிவிடும் கான்வாஸ் திரை. தண்ணீர் குளம்போல் தேங்காதபடி ஒரு பக்கம் சரிவு. அது நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகளுக்குள் வருகிறது என்று கட்டடக் கலைஞர் எழுத்தில் உறுதி தந்த பிறகே நான் ஒப்புக்கொள்ளச் சொன்னேன். நிர்வாகக் கழகத்தின் அனுமதி வேறு, ஆணையத்தின் விதி வேறு. ஒன்று கிடைத்தால் மற்றொன்று கிடைத்ததாகாது. தனி வீட்டுக்காரர்களுக்கும் இதையே சொல்வேன். உங்களுக்கு நிர்வாகக் கழகம் இல்லை என்றாலும், எல்லைக் கோட்டிலிருந்து விட வேண்டிய இடைவெளி உண்டு. அதை வடிவமைப்பாளரின் வாய்வார்த்தையில் விட்டுவிடாதீர்கள்.

நான்காவது தூண் ஓரடி உள்ளே வந்தது. பத்தடிச் சதுரம் ஒரு பக்கம் ஒன்பதாகச் சுருங்கியது. காற்று எச்சரிக்கை வந்தால் திரையைச் சுருட்டிக் கட்டுவது வீட்டுக்காரர் பொறுப்பு. ஆண்டுக்கு ஒரு முறை நிர்வாக முகவர் பார்வையிடலாம். வீட்டை விற்றால், வாங்குகிறவர் இதே நிபந்தனைகளை ஏற்றுக் கையெழுத்திட வேண்டும், இல்லாவிட்டால் விற்கிறவர் கசீபோவை அகற்றித் தர வேண்டும். கடைசி நிபந்தனையை நான்தான் கேட்டுச் சேர்த்தேன். இது இல்லாமல் பல வீடுகள் விற்பனையின்போது தகராறில் மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். இவை இரு தரப்பின் ஒப்புதலோடு எழுத்தில் பதிவாயின. தளப்பரப்புக் கேள்விக்கு வாரியம் விடை சொல்லவே நேரவில்லை.

விற்றவரின் கணக்கு மட்டும் தீராமல் இருந்தது. பெர்மிட் வேண்டாம் என்று அவர் சொன்னது வாய்ப்பேச்சாகப் போயிருக்கும். நல்லவேளையாக வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் இருந்தது. பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாயமான வர்த்தகம்) சட்டம் பொய்யான கூற்றால் பயனீட்டாளரைத் தவறாக வழிநடத்துவதை நியாயமற்ற நடைமுறை என்கிறது. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கோரலாம். 2019 நவம்பருக்கு முன் அந்த வரம்பு 10,000-தான். தகராறுக்கான காரணம் நிகழ்ந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அங்கே வழக்கறிஞர் ஆஜராக முடியாது. அதனால் அந்த அம்மாவே போனார். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், கட்டடக் கலைஞரின் கடிதம், பிரித்துப் போட்ட கூரையின் படம் ஆகிய நான்கையும் தேதி வரிசையில் அடுக்கி, கேட்டால் மட்டும் பேசுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். காய்கறி மொத்த வியாபாரிகளோடு தினமும் பேரம் பேசுகிறவருக்கு அதற்கு மேல் பயிற்சி தேவைப்படவில்லை. முதற்கட்டப் பேச்சிலேயே கூரைக்கான தொகையையும் பிரித்த கூலியையும் திருப்பித் தர விற்றவர் சம்மதித்தார். தூணை நகர்த்திய செலவை அந்த அம்மா கேட்கவில்லை. எல்லையைப் பார்க்காமல் இடத்தைக் காட்டியது நாங்கள்தானே என்றார்.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாக மன்றம் ஒரு துணைவிதியைக் கொண்டுவந்தது. தரைத்தளத் தோட்டங்களில் எவ்வளவு உயரத்தில், என்ன நிறத்தில், எப்படிப்பட்ட திறந்த பந்தல் போடலாம் என்ற வரையறை. மற்ற தரைத்தள வீட்டுக்காரர்களும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள், ஒவ்வொருவரோடும் வாரியத்துக்கு ஓடுவதைவிட இது மேல் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞரே ஆலோசனை சொன்னாராம். முன்மொழிந்தவர் மேல்மாடிப் பெண்மணி. சிறப்புத் தீர்மானத்துக்கு 75 விழுக்காடு வேண்டும், கிடைத்தது. 30 நாட்களுக்குள் கட்டட ஆணையரிடம் அதன் பிரதி தாக்கலானது. அந்தத் துணைவிதியின் நகலை அந்த அம்மா எனக்கு அனுப்பிவைத்தார். கூரை ஓரத்தில் தண்ணீர்த் தாரை கூடாது, தூணின் அடி மண்ணிலிருந்து உயர்ந்திருக்க வேண்டும், போல்ட்டுகள் ஆண்டுதோறும் ஏப்ரலுக்கு முன் சோதிக்கப்பட வேண்டும் என்று மூன்று உட்பிரிவுகள் அதில் இருந்தன.